பனங்காடைக்கு இங்கே என்ன பெயர்? பாலக்காட்டு எல்லைக்குக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எல்லையிலுள்ள கோபாலபுரத்தையோ வேலந்தாவளத்தையோ தாண்டிக் கேரளத்துக்குள் குடிவந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்த வசதியே கெடுதலாகவும் முடிகிறது. கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் தமிழிலேயே காய் வாங்கலாம், தமிழிலேயே முடி வெட்டிக்கொள்ளலாம், சில்லறைக்காகக் கண்டக்டரிடம் தமிழிலேயே சண்டை போடலாம். மும்பைக்கோ டெல்லிக்கோ போனவர்கள் முதல் வாரமே திண்டாடிப்போய், வேறு வழியில்லாமல் நாலு பேரைப் பழக்கம் பிடித்துக்கொள்வார்கள். நமக்குத் திண்டாட்டமே வருவதில்லை. அதனால் ஒரு வருடம் ஆன பிறகும் வீட்டுக்காரர், பால்காரர், கேஸ் கொண்டுவரும் பையன் என்று மூன்று பேரைத்தான் தெரிந்திருக்கும். அந்தப் பையனின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நான் உடுமலைக்காரன். என் மனைவி தமிழாசிரியை. அவருக்கு இங்கே வேலை கிடைத்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தேன். வீட்டிலிருந்தபடி சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. முதல் ஒன்றரை வருடம் இந்த ஊரில் எனக்குப் பெயரே கிடையாது, ‘டீச்சருடைய ஆள்’ அவ்வளவுதான். அதிலிருந்து மீண்டு, பொழுதுபோக்குகள் வழியாக ஊரில் பழக்கம் பிடிப்பதற்கு நான் செய்ததையும் செய்து கெட்டதையும் எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள், கல்யாணமாகி வருகிறவர்கள், ஓய்வுபெற்றுத் தோட்டம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் என எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும்.

சனிக்கிழமை பஸ்ஸை விடுங்கள்

இங்கே குடிவந்தவர்களில் பாதிப் பேரைச் சனிக்கிழமை மதியம் பொள்ளாச்சி பஸ்ஸில் பார்க்கலாம். அம்மா வீடு, பழைய கூட்டாளிகள், பல் டாக்டர், தையல்காரர் எல்லாம் அந்தப் பக்கம். ஞாயிறு இரவு சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி வருவார்கள். ஊருக்கே ஓய்வாக இருக்கிற ஒன்றரை நாளில் நாம் மட்டும் ஊரில் இல்லையென்றால் பழக்கம் எங்கிருந்து வரும்? வீடு பக்கத்தில் இருப்பதுதான் எல்லையோரத்து வியாதி.

ஆகவே முதல் வேலை, மாதத்தில் இரண்டு சனி ஞாயிறாவது இங்கேயே கிடப்பது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் கோபித்துக்கொள்வார்கள், மூன்றாவது வாரம் அவர்களே முறுக்கோடு பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

தங்கிவிட்ட முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் ஊரை நடந்து சுற்றுங்கள். வண்டி வேண்டாம், வண்டியில் போகிறவனை யாரும் ‘எங்கே?’ என்று கேட்பதில்லை. ஐந்தாறு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆலமரத்தடி, வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் திண்ணை, கோயில் மைதானம், அறுவடை முடிந்த வயல், டீக்கடைக்குப் பின்னால் போட்ட பெஞ்சு என்று இடங்கள் ஏறக்குறைய இவைதான். அடுத்த ஞாயிறும் அதே நேரத்தில் அதே ஆட்கள் இருந்தால் அங்கே ஏதோ வாரம் தவறாமல் நடக்கிறது என்று அர்த்தம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

உங்களுக்குப் பிடித்தது என்ன என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் பிடித்தவற்றுள் எது ஆள் சேர்க்கும், எது சேர்க்காது என்று சொல்ல முடியும். சினிமா சேர்க்காது, இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்துவிடுவோம். நடைப்பயிற்சி பாதி சேர்க்கும். கைக்கு வேலை இருந்து வாய்க்கு ஓய்வு இருக்கிற காரியங்கள் நன்றாகச் சேர்க்கும். பேசித்தான் பழக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் நம்மில் பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதுவும் பாதி தெரிந்த மொழியில். சீட்டைப் பிரித்துக்கொண்டோ பாத்தி கொத்திக்கொண்டோ இருந்தால் பேச்சு பக்கவாட்டில் தானாக வந்து சேரும்.

ஒன்றே ஒன்றைப் பிடித்து ஆறு மாதம் விடாமல் போங்கள். நான் முதலில் ஐந்தை ஒன்றாகத் தொட்டு ஐந்திலும் ‘போன மாதம் ஒருத்தர் வந்தாரே’ என்ற ஆளாக ஆனேன்.

வாயனசாலைத் திண்ணையிலிருந்து தொடங்குவது

எதுவும் தோன்றவில்லையென்றால் நூலகத்திற்குப் போங்கள். தமிழ்நாட்டில் நூலகம் என்றால் அரசுக் கட்டிடம், பத்திரிகை படித்துவிட்டு எழுந்து வருவோம். கேரளத்தில் கிராமத்து வாயனசாலை பெரும்பாலும் ஊர்க்காரர்களே நடத்துவது. உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு, செயலாளர் உண்டு, அவர்களுக்குள் சண்டையும் உண்டு. பி. என். பணிக்கர் 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூரில் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் பிறகு கேரளம் முழுவதும் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19ஐ ‘வாயன தினம்’ என்று கொண்டாடுகிறார்கள். புதிதாகச் சேர அதைவிட நல்ல நாள் கிடையாது. நாற்காலி போட ஆள் தேவைப்படும், நீங்கள் போய் நாற்காலி போடலாம்.

மலையாளம் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். உறுப்பினர் படிவத்தை அங்கே இருக்கிறவரிடமே கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். நிரப்புகிறவர் அப்பா பெயர், வீட்டுப் பெயர், ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அந்தப் பத்து நிமிடத்தில் உங்களைப் பற்றி ஊருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டுப் பெயர் என்ற கட்டத்திற்கு வந்ததும் நாம் முழிப்போம். எங்கள் குலத்தின் பெயரைச் சொன்னேன், அதையே எழுதிக்கொண்டார்.

முதல் மூன்று முறை வெறுமனே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இதை அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டாவது மாலையே நதிநீர்ப் பங்கீட்டைப் பற்றி யாரோ ஏதோ சொல்ல, நான் எழுந்து நின்று பத்து நிமிடம் பேசினேன். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது வரை சொன்னேன். சொன்னதில் பிழை இல்லை. மரியாதையாகக் கேட்டார்கள். அடுத்த ஆறு வாரம் நான் போனால் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். கேரளத்தில் அரசியல் பெரிய பொழுதுபோக்குதான், ஆனால் அதில் சேர அனுமதிச் சீட்டு வாங்கச் சில வருடங்கள் ஆகும்.

என்னைக் காப்பாற்றியது வாயனசாலை மூலையில் கிடந்த சதுரங்கப் பலகை. ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர் எதிராளி இல்லாமல் தனக்குத் தானே ஆடிக்கொண்டிருந்தார். அவர் முன் போய் உட்கார்ந்தேன். பத்தாவது நகர்த்தலில், ‘ஆனையைப் பார்த்துக்கொள்’ என்று எச்சரித்தார். எதிராளியை எச்சரித்து ஆடுகிற நல்ல மனிதர். நான் மூலையில் இருந்த என் யானையைப் பத்திரப்படுத்தினேன். அவர் நிதானமாகக் கையை நீட்டி என் மந்திரியை எடுத்துக்கொண்டு போனார். ‘சொன்னேனே!’ என்றார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் ராஜாவுக்குப் பக்கத்தில் மூலைவிட்டமாகப் போகிற காயை மந்திரி என்கிறோம், அங்கே அதுதான் ஆனை. நாம் மூலையில் நிறுத்தும் யானைக்கு அங்கே தேர் என்று பெயர். மந்திரி என்று அவர்கள் சொல்வது நம்முடைய ராணியை. குதிரை மட்டும் இரண்டு பக்கமும் குதிரை. இதைக் கண்டுபிடித்ததும் இரண்டு பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு காயாக எடுத்துப் பெயர் சொல்லிக்கொண்டோம். சுற்றி நான்கு பேர் வந்துவிட்டார்கள். ராணி எப்போது வந்தாள், யானையை யார் மூலைக்கு அனுப்பியது என்று விவாதம் ஏழரை மணி வரை நடந்தது. நதிநீர்ப் பேச்சுக்கு மறைந்த முகங்கள் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தன.

அன்றைக்குக் கிடைத்த கருவியைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். எதைப் பார்த்தாலும் கேளுங்கள்: ‘இதற்கு இங்கே என்ன பெயர்?’ இந்தக் கேள்விக்கு முகம் சுளித்தவரை நான் பார்த்ததில்லை. பதில் சொன்னதும் அவர்களே ‘உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்விக்காகத்தான் முதல் கேள்வியைக் கேட்பது.

ஐம்பத்தாறு

சீட்டாட்டம் என்றதும் வீட்டில் முறைப்பார்கள். காசு வைத்து ஆடுகிற இடமாக இருந்தால் முறைப்பு சரிதான், அந்தப் பக்கமே போகாதீர்கள். காசில்லாமல் ஆடுகிற ‘அம்பத்தாறு’ வேறு சங்கதி.

ஆறு பேர் ஆடும் ஆட்டம் இது. மூன்று மூன்று பேராக இரண்டு கட்சி, ஒருவர் விட்டு ஒருவராக உட்கார வேண்டும். இரண்டு சீட்டுக்கட்டுகளிலிருந்தும் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது மட்டும் எடுத்தால் 48 சீட்டு, தலைக்கு எட்டு. ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. கூட்டினால் 56 வரும். ராஜாவுக்கும் ராணிக்கும் புள்ளியே கிடையாது. முதல் நாள் நான் மூன்று ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையாக ஏலம் கேட்டேன், என் கட்சிக்காரர்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ஜாக்கிக்கு அங்கே குலான் என்று பெயர். துருப்புக்கு இரண்டு பக்கமும் துருப்புதான்.

புதியவனுக்கு இதில் என்ன லாபம் என்றால், ஆறு பேர் வேண்டிய ஆட்டத்திற்கு எப்போதும் ஐந்து பேர்தான் வந்திருப்பார்கள். ஒருவருக்கு மாடு கன்று போட்டிருக்கும், ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். ஐந்து பேர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த வழியாக நடந்து போவதுதான் நீங்கள் செய்ய வேண்டியது. ஆடத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது, கற்றுக்கொடுத்தால் ஆடுகிறேன் என்று சொல்லுங்கள். தெரியும் என்று சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். ஏலம் கேட்கிற முறையிலேயே கட்சிக்காரருக்குக் கையிருப்பைத் தெரிவிக்கிற ஆட்டம் இது, அந்த மொழி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

தோற்றவருக்குக் குணுக்கு. பலா இலையைச் சுருட்டியோ சீட்டை மடக்கியோ காதில் மாட்டிவிடுவார்கள், அடுத்த வெற்றி வரும்வரை கழற்றக் கூடாது. நம் பாட்டிமார் காதில் தொங்கிய அதே குணுக்குதான், பெயர்கூட மாறவில்லை. ஒரு ஞாயிறு மாலை இரண்டு காதிலும் பலா இலையோடு நான் குலானுக்குக் காத்திருந்தபோது, என் மனைவி சக ஆசிரியைகளோடு அந்த வழியாக வந்தார். நின்றார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் பள்ளியில் என்னை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சீட்டுக்கூட்டத்திலும் அன்றிலிருந்து ‘டீச்சருடைய ஆள்’ போய், பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் அதுவரை ‘சார்’ என்று கூப்பிட்டவர்களை ‘ஏட்டா’ என்று கூப்பிடத் தொடங்கினேன். பாலக்காட்டுப் பக்கம் அண்ணனுக்கு ஏட்டன் என்பதுதான் வழக்கம். தொலைக்காட்சியில் கேட்ட ‘சேட்டா’வைக் கொண்டுபோனால் தெற்கத்திக்காரர் என்று நினைப்பார்கள்.

பறவை பார்க்கப் போகலாம்

என் சொந்தப் பித்து இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி கேரளம் என்றதும் நினைவுக்கு வருகிற பச்சை அல்ல. கரிசல் மண், குறைந்த மழை, வரிசை வரிசையாகப் பனை. மலைத்தொடரில் விழுந்த இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் காற்று அடிக்கிற அடியில் பனையோலை இரவெல்லாம் சலசலக்கும். தென்னையையும் நெல்லையும் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பறவை பார்க்கிறவனுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது, வெட்டவெளியில் மறைவதற்கு இலை இல்லையே.

தொடங்குவதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பைனாகுலர் வாங்குவதென்றால் எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று கேட்டு வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். அதிகம் பெருக்கிக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். காட்டுக்குள் போகாதீர்கள். அனுமதி வேண்டும் என்பது ஒன்று, வாளையாறு, மலம்புழைப் பக்கமெல்லாம் யானை நடமாட்டம் உண்டு என்பது இன்னொன்று. வயல் வரப்பும் குளக்கரையும் தாராளம்.

அந்த வெட்டவெளியில் பைனாகுலரோடு நிற்கிறவனை யாரும் சும்மா விட மாட்டார்கள் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய நன்மை. நிலம் அளக்க வந்தவன் என்று நினைப்பார்கள், மின்கம்பம் நட வந்தவன் என்று நினைப்பார்கள். எருத்தேன்பதிப் பக்கம் ஒரு காலை, பனை ஏறி இறங்கிய ஒருவர் என் முன் வந்து நின்று என்ன பார்க்கிறாய் என்றார். கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடையைக் காட்டினேன். உட்கார்ந்திருக்கும்போது அது வெறும் மண்நிறக் குருவி. அந்த நேரம் பார்த்துப் பறந்தது. இறக்கை விரிந்ததும் உள்ளே மடித்து வைத்திருந்த இரண்டு நீலமும் ஒன்றாகத் திறந்தன. ‘பனங்காக்கை’ என்றார் அவர். நான் ‘பனங்காடை’ என்றேன். ‘காக்கைதான், குரலைக் கேள்’ என்றார். கேட்டால் அவர் சொன்னதும் சரிதான், அத்தனை அழகுக்கும் அந்தக் கரகரத்த தொண்டைதான் வாய்த்திருக்கிறது. அன்றே பைனாகுலரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதைப் பனையின் கொண்டையை நோக்கித் திருப்பினார், பறவையை விட்டுவிட்டு அடுத்த மரத்துப் பாளையைத்தான் பார்த்தார்.

அவர்தான் எனக்குப் பிறகு பாதிப் பறவைகளின் இருப்பிடத்தைக் காட்டினார். நாம் கரிச்சான் அல்லது இரட்டைவால் குருவி என்பது அங்கே ஆனறாஞ்சி, யானையையே பறித்துக்கொண்டு போகிறவன் என்று பெயர். பருந்தைத் துரத்திக்கொண்டு போகிற அந்தக் கையளவு கறுப்பைப் பார்த்தவர்களுக்குப் பெயர் மிகையாகத் தோன்றாது. கொண்டலாத்தி அங்கே உப்பூப்பன். பனை உழவாரன் அங்கே பனங்கூளன். செம்போத்து இரண்டு பக்கமும் செம்போத்து. நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். ஐம்பது பெயர் சேரும்போது ஐம்பது பேரிடமாவது பேசியிருப்பீர்கள்.

பிறகு கூட்டத்தோடு சேர வழி உண்டு. பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் ‘கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுண்ட்’ நடக்கிறது, குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி ‘ஈபேர்டு’ செயலியில் பதிய வேண்டும், அவ்வளவுதான். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு உண்டு. கேரளத்தில் இந்த ஆர்வலர்கள் சாதாரணப்பட்டவர்கள் அல்லர், 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதும் கட்டம் கட்டமாக நடந்து பறவை வரைபடமே தயாரித்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். அவர்களோடு ஒரு காலை நடந்தால் போதும், அடுத்த ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். எல்லைக்கோட்டில் பறக்கிற பனங்காடையை எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது என்று முதல் வருடம் கேட்டேன். பறவை எங்கே என்று பார்க்காதே, நீ எங்கே நிற்கிறாய் என்று பார் என்றார்கள். செருப்பைப் பார்த்துக்கொண்டு எழுதினேன்.

தோட்டம் போடுகிறவர்களுக்கு

ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிருஷி பவன் என்று வேளாண்மை அலுவலகம் உண்டு. ஓணத்திற்கு முன்பு ‘ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி’, அதாவது ஒரு முறம் காய்கறி, என்று ஒரு திட்டம் ஓடும், விதையும் நாற்றும் அப்போது கிடைக்கும். நாற்று வாங்கும் வரிசையில் நிற்பவர்கள் எல்லோருமே உங்கள் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்கள் பாகல் பிஞ்சு உதிர்கிறதா?’ என்ற ஒரு கேள்வி போதும்.

கொடுக்க ஒரு விதையாவது கையில் இருக்கட்டும். நான் ஊரிலிருந்து அரசாணி விதை கொண்டுவந்து காகிதத்தில் மடித்துப் பகிர்ந்தேன். அதற்கு இங்கே மத்தன். பதிலுக்குக் காந்தாரி மிளகாய் வந்தது. சுண்டுவிரல் நுனியளவு இருந்துகொண்டு ஆளையே எழுப்பி உட்கார வைக்கும், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்க்கும். கத்தரிக்காயை வழுதினங்ஙா என்றார்கள். ஔவையார் பாடிய வழுதுணங்காயை நாம் தொலைத்துவிட்டோம், இவர்கள் தினமும் சமைக்கிறார்கள் என்று என் மனைவி ஒரு வாரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண்களுக்கு, என் மனைவி சொல்லி எழுதியது

மேலே சொன்ன திண்ணையும் ஆலமரமும் பெரும்பாலும் ஆண்கள் கூடுகிற இடம். பெண்களுக்கு வாசல் வேறு. பெண்களுக்கான கேரள அரசுத் திட்டமான குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியது, அதன் கீழே அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அயல்கூட்டம் உண்டு. வாடகை வீட்டில் இருந்தாலும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு ஒருநாள் போய் உட்காரலாம். சேமிப்பும் கடனும்தான் பேச்சு என்றாலும், கூட்டம் முடிந்த பிறகு நடக்கிற பேச்சுதான் முக்கியம் என்பது என் மனைவியின் அனுபவம்.

இன்னொரு வாசல் திருவாதிரைக்களி, தின்கிற களி அல்ல, பெண்கள் ஆடுகிற ஆட்டம். மார்கழித் திருவாதிரைக்கும் ஓணத்திற்கும் முன்னால் யாராவது ஒருவர் வீட்டு போர்டிகோவில் ஒத்திகை நடக்கும். நடுவில் குத்துவிளக்கு, சுற்றி வட்டம், நம் கும்மிக்குத் தங்கை மாதிரி. கும்மி தெரியும் என்ற தைரியத்தில் என் மனைவி சேர்ந்தார். முதல் நாள் எல்லோரும் நிமிர்ந்தபோது இவர் குனிந்து கைகொட்டினார். சிரித்து முடித்த பிறகு, அந்தக் குனிந்து கொட்டும் அடியைத் தங்களுக்கும் சொல்லித் தரச் சொன்னார்களாம். மேடையேறிய அன்று கட்டிய செட்டு முண்டு இரவல், அதைத் திருப்பிக் கொடுக்கப் போன வீட்டில்தான் இன்று எங்கள் சாவி இருக்கிறது.

மற்றவை, சுருக்கமாக

செண்டை கற்கலாம். சில கோயில் மைதானங்களில் சிறுவர் முதல் பேரன் எடுத்தவர் வரை ஒன்றாக உட்கார்ந்து கற்கிறார்கள். செண்டையைத் தொட மாதக்கணக்கில் ஆகும், அதுவரை புளியங்கோலால் கல்லில் அடிக்க வேண்டும். நாற்பது நாள் அடித்தேன், மணிக்கட்டு கைவிட்டது. கூட அடித்தவர்கள் இன்றும் பார்த்தால் மணிக்கட்டைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். இளைஞர்களுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து இருக்கிறது. ஆட முடியாதவர்கள் வரப்பில் நின்று கத்தலாம்.

கம்பனைப் படித்தவர்கள் ஒருமுறையாவது தோல்பாவைக்கூத்து பார்க்கப் போங்கள். ஷொர்ணூர், ஒற்றப்பாலம் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களில் தை பிறந்த பிறகு நடக்கும். தாருகன் என்ற அசுரனோடு சண்டையிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன காளிக்காக ஆடிக்காட்டுவது என்பது ஐதீகம். திரைக்குப் பின்னால் 21 விளக்கு, பாடுவது கம்பராமாயணச் செய்யுள். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திரப் புலவரின் குடும்பம் தலைமுறைகளாக இதை நடத்துகிறது. நள்ளிரவுக்கு மேல் பார்க்கிறவர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். அந்த இரவில் உங்களுக்குத் தெரிந்த விருத்தம் ஒன்று திரைக்குப் பின்னாலிருந்து வந்தால், பக்கத்தில் தூங்கிவழிகிறவரை எழுப்பிச் சொல்லத் தோன்றும். சொல்லுங்கள்.

சித்தூர் பகவதி கோயிலில் மாசி வாக்கில் கொங்கன்படை நடக்கும். கொங்கு நாட்டுப் படையைச் சித்தூர்க்காரர்கள் தோற்கடித்த கதையை ஊரே கூடி நடித்துக் கொண்டாடுகிற திருவிழா. கொங்குக்காரனான என்னை முதல் வருடம் அவர்களே அழைத்துப்போனார்கள். தோற்ற கட்சி சார்பில் ஒருவராவது வர வேண்டாமா என்றார்கள். போங்கள், பலகாரம் நன்றாக இருக்கும்.

செய்யக் கூடாதவை

‘எங்கள் ஊரில் இதைவிட’ என்று எந்த வாக்கியத்தையும் தொடங்காதீர்கள். சாம்பாரைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். பழகிய முதல் வருடத்தில் கடன் கேட்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். நன்றாகத் தெரிந்த வித்தையை முதல் நாளே காட்டாதீர்கள். நீங்கள் மாவட்ட அளவில் கேரம் ஆடியவராக இருந்தால் அது மூன்றாவது மாதம் தானாகத் தெரியட்டும். ஒரு கூட்டத்திற்கு எட்டு வாரம் போயும் உங்கள் பெயரை யாரும் கேட்கவில்லை என்றால் மனஸ்தாபம் இல்லாமல் வேறு இடம் பாருங்கள், அது உங்கள் குறையாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு வருடம் ஆனபின்

இப்போது நீங்கள் பழையவர். நீங்களே ஒன்றைத் தொடங்கலாம், அதற்கு வாயனசாலைப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். நான் ஒட்டியது இது:

‘ஞாயிறு காலை ஆறரை மணி. குளக்கரை ஆலமரம். இரண்டு மணி நேரம் நடந்து பறவை பார்ப்போம். பைனாகுலர் இல்லாதவர்களும் வரலாம். குழந்தைகள் வரலாம், சத்தம் போடாத குழந்தைகள் முன்னால் நடக்கலாம். கட்டணம் இல்லை. டீ உண்டு, டம்ளர் கொண்டுவரவும்.’

டம்ளர் கொண்டுவரச் சொல்வது முக்கியம். கையில் டம்ளரோடு வந்தவர் டீ குடிக்காமல் போக மாட்டார், குடிக்கும்போது கால் மணி நேரம் நிற்பார். இரண்டு மொழியிலும் எழுதுங்கள். மலையாளத்தில் நீங்களே எழுதிவிட்டு, பிழை இருக்கும் என்று சொல்லி யாரிடமாவது திருத்தக் கொடுங்கள். திருத்துகிறவர் முதலில் சிரிப்பார், பிறகு நேரம் ஆறரை என்பது மழைக்காலத்திற்குச் சரிவராது, ஏழு என்று போடு என்பார். ஏழு என்றே போட்டுவிடுங்கள். அவர் வந்துவிடுவார்.